எந்த ஊர் என்று கேட்டால்...



சென்ற வெள்ளிக்கிழமை மாலை நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்பிக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, இரட்டைப் பின்னலோடு, கையைப் பிசைந்தபடி நின்றாள். தகப்பனார் விமானப் படையில் இருக்கிறார். இப்போது எல்லைப்புறத்துக்கு மாற்றலாகி விட்டதாம். அங்கே குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஆகவே தாயும் மகளும் தாத்தா பாட்டியிடம் நாகப்பட்டினத்துக்கு வந்திருக்கிறார்கள்.

"உனக்கு எந்த ஊரு கண்ணு?" என்று ஒரு மாமி கேட்டார்.

சிறுமி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "எனக்கு ஊர் இல்லை ஆன்ட்டி. போஸ்டிங்தான் உண்டு" என்றாள்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "பாவம், பட்டாளத்துப் பிள்ளை!" என்று ஒருவர் அனுதாபமும் பட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அனுதாபமும் வரவில்லை. ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் இதே ஊரில், இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற இன்னொரு பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. அந்தப் பெண் நான்தான்.

இந்தப் பகுதியில் சமையலும் சிக்கனமும் பேசி வருகிற நான் பட்டாளத்தைப் பற்றி எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். இதுவும் குடும்ப விஷயம்தான்.

என் தகப்பனார் 'மதராஸ் ஸாப்பர்ஸ்' என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்தார். 1780-ல் சென்னையில் ஆரம்பித்த படை அது. பாலம் போடுவதும், பாதை அமைப்பதும், எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளை எடுப்பதும் அதன் வேலை. அந்தப் படை வீரர்களுக்கு ராணுவம் முழுவதிலும் 'தம்பிகள்' என்றுதான் செல்லப் பெயர். என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவளுக்கு, இதில் ஏகப் பெருமை. "நான் தம்பின்னு கூப்பிட்டேன், பட்டாளமே தம்பின்னு கூப்பிடுது!" என்பாள்.

நான் பிறந்தது 1961-ல், பெங்களூரில். அல்சூர் ஏரிக்கரையில்தான் ஸாப்பர்களின் தலைமை நிலையம். எழுத்தறிவித்தது பூனாவுக்கு அருகே கிர்க்கியில். அப்புறம் செகந்திராபாத். அதற்கப்புறம் பஞ்சாபில் பதான்கோட். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஆறு பள்ளிக்கூடங்கள் பார்த்துவிட்டேன்.

மாற்றல் உத்தரவு வந்தவுடன் வீட்டில் நடக்கிற காரியங்கள் எனக்கு மனப்பாடம். முதலில் பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டிகள் இறங்கும். அவற்றின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் பெயரும் நம்பரும் இருக்கும். அம்மா அம்மிக் குழவியைப் பழைய புடவையில் சுற்றுவாள். "கல்லு எல்லா ஊரிலும் கிடைக்குமே" என்று அப்பா சொன்னால், "இது பழகின கல்லு" என்பாள். படுக்கை எல்லாம் ஹோல்டாலுக்குள் போகும். கடைசி நாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.ஸி. வாங்கி வருவேன். வாசலில் நிற்கிற சிநேகிதியிடம், "லெட்டர் போடறேன்" என்பேன். அவளும், "போடறேன்" என்பாள். இரண்டு கடிதங்களுக்கு மேல் போனதில்லை. இருவரும் குழந்தைகள், வேறென்ன செய்வோம்?

ஆனால் ஒரு லாபத்தையும் சொல்ல வேண்டும். எட்டு வயதிலேயே நான் நாலு பாஷை பேசினேன். கடையில் மராத்தி, பால்காரியிடம் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் ஹிந்தியும் ஆங்கிலமும். பஞ்சாபிப் பெண் ஒருத்தி எனக்கு ரொட்டி தட்டக் கற்றுக் கொடுத்தாள். நான் அவளுக்குக் கோலம் போடக் கற்றுக் கொடுத்தேன். புது இடத்துக்குப் போன முதல் நாளே யாரோடு பழகலாம், யாரிடம் எட்டி நிற்கலாம் என்று கண்டுபிடித்துவிடுவேன். இந்தச் சாமர்த்தியம் பிற்காலத்தில் புகுந்த வீட்டில் எவ்வளவு உதவியது தெரியுமா!

பள்ளிக்கூடம் மாறுகிற கஷ்டத்தைச் சர்க்காரும் உணராமல் இல்லை. 1962 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. அதன்படி, ராணுவ முகாம்களில் நடந்துகொண்டிருந்த 20 ரெஜிமெண்ட் பள்ளிகளை 1963-64 கல்வி ஆண்டில் எடுத்து 'சென்ட்ரல் ஸ்கூல்' என்று மாற்றினார்கள். இன்றைக்குக் கேந்திரிய வித்யாலயா என்கிறோமே, அதன் ஆரம்பம் அதுதான். இப்போது நாடெங்கும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. காஷ்மீரில் பாதியில் விட்ட பாடத்தைக் கன்னியாகுமரியில் தொடரலாம். பெரிய சௌகரியம்தான். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் வைக்கிறபோது, ஒவ்வொரு பிள்ளையின் தாய்மொழிக்கும் அதில் முழு இடம் கொடுக்க முடிவதில்லை. அந்த இடத்தை வீடுதான் நிரப்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் அது நிரம்பவில்லை. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதிலேயே அவள் பிராணன் போயிற்று. நான் தமிழ் பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் ஓர் எழுத்து வாசிக்க வராது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, 1971 வரையில்.

அந்த வருஷம் எல்லையில் நிலைமை மோசமாயிற்று. நவம்பர் மாதத்தில் அப்பா எங்களை ரயில் ஏற்றிவிட்டார். டில்லியில் மாறி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னை, எழும்பூரிலிருந்து இரவு வண்டியில் மாயவரம், அப்புறம் திருவாரூர், அப்புறம் நாகப்பட்டினம். நாலு நாள் பிரயாணம். ரயிலை விட்டு இறங்கினால் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. லீவு நாட்களில் வந்து போன ஊர்தான். ஆனாலும், தங்குவதற்கு என்று வந்தபோது அதுவும் இன்னொரு போஸ்டிங் மாதிரியே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கரும்பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் நான் நின்றபோது வகுப்பே சிரித்தது. 'ஹிந்திக்காரி' என்று பெயர் வைத்தார்கள். பதான்கோட்டில் எனக்கு 'மதராஸி' என்று பெயர். அங்கே மதராஸி, இங்கே ஹிந்திக்காரி. அப்படியானால் நான் யார்? அன்றிரவு அப்பாயியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

டிசம்பர் 3-ந் தேதி யுத்தம் மூண்டது. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது; எதிர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்போம். 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் சேனை சரணடைந்தது. மறுநாள் மேற்கு எல்லையிலும் சண்டை நின்றது. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். ஆனால் மேற்கு எல்லையில் இருந்த எங்கள் அப்பாவிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

கடிதத்துக்குக் காத்திருப்பது நாகப்பட்டினத்துக்குப் புதிது அல்ல. அந்தக் காலத்தில் 'ரஜுலா' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊரில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். எங்கள் தெருவிலேயே மலேயாவில் புருஷனோ பிள்ளையோ இல்லாத வீடு குறைவு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்க்கும். அந்தத் தலைகளில் அப்பாயியின் தலையும் ஒன்றாயிற்று.

டிசம்பர் கடைசி வாரம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மணி அடித்தது. இன்லண்டு கடிதம் ஒன்று வந்தது. அப்பாயிக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால் கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரியவில்லை. கை நடுங்க அதை என்னிடம் நீட்டி, "தம்பி கடுதாசு. படி கண்ணு" என்றாள்.

பிரித்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் அப்பாவின் கையெழுத்தின் சாயல் எனக்குத் தெரியும். வலது பக்கம் சாய்ந்து, வேலி போட்டாற்போல் இருக்கும். இது அது இல்லை. உருண்டை உருண்டையாக, வேறு யாரோ எழுதியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா ஏன் எழுதவில்லை?

"என்ன எழுதியிருக்கான்? சொல்லு ஆயி!"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, 'எனக்குப் படிக்கத் தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். "அன்புள்ள அம்மாவுக்கு... நான் சௌக்கியம். நீங்கள் எல்லாரும் சௌக்கியமா? லீவு கிடைத்ததும் வருவேன்..." என்று நானாகச் சொல்லிக்கொண்டே போனேன். அப்பாயி கண்ணை மூடி, நீலாயதாட்சி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அரை மணி கழித்து அம்மா வந்தாள். கடிதத்தைப் பார்த்தாள். நின்றபடியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிவெடி எடுக்கும்போது அப்பாவின் வலது கையில் சில்லு பாய்ந்து இரண்டு விரல்கள் போய்விட்டன. ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயம் இல்லை. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுதியிருக்கிறார். இதுதான் அதில் இருந்த விஷயம்.

அன்று எனக்கு உதை விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அழுகை எல்லாம் ஓய்ந்த பிறகு, விளக்கேற்றி வைத்துவிட்டு அப்பாயி என்னைக் கூப்பிட்டாள். "நீ ஆசைப்பட்டதைப் படிச்சே. தப்பில்லை. ஆனா கடுதாசுல என்ன இருக்கோ அதைத்தான் படிக்கணும். உக்காரு" என்றாள். முறத்தில் அரிசியைப் பரப்பி, என் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தாள்.

அவள் கண்ணுக்கு எழுத்து தெரியாது, விரலுக்குத் தெரியும். இரவு தோறும் நடந்தது அந்தப் பள்ளிக்கூடம். பொங்கல் முடிவதற்குள் உயிரும் மெய்யும் வந்துவிட்டன. அதற்குமேல் வாசித்துப் பழகப் புத்தகம் வேண்டுமே? அப்பாயி மரப் பெட்டியைத் திறந்து, வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதையை எடுத்தாள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வெளிவந்தபோது தெருவே கூடி உட்கார்ந்து கேட்ட கதையாம். "முதல்லேருந்து வேண்டாம். நம்ம ஊரு வர்ற இடத்துலேருந்து படி" என்றாள்.

நம்ம ஊரா? கதையிலா?

எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். நாகப்பட்டினம், சூடாமணி விஹாரம், ஜுரத்தில் கிடந்து பிக்ஷுக்களின் பராமரிப்பில் பிழைத்த சோழ இளவரசன், பொங்கி வந்த கடல்... ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும். நான் தடுமாறினால் அப்பாயி மேலே சொல்லிவிடுவாள். பாதிக் கதை அவளுக்கு மனப்பாடம். கதையில் வருகிற விஹாரம் வெறும் கற்பனை இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கடல் கடந்த ஸ்ரீவிஜய தேசத்து அரசன் ராஜராஜ சோழன் காலத்தில் இங்கே கட்டத் தொடங்கிய பௌத்தப் பள்ளி அது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை மானியமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. மிஞ்சி நின்ற ஒரு கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். எங்கிருந்தோ வந்தவர்கள் கட்டியதால் பெயர் பெற்ற ஊர் இது. பிறகு போர்ச்சுக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், 1781-ல் ஆங்கிலேயர். பக்கத்திலேயே நாகூர், வேளாங்கண்ணி. வருகிறவர்களும் போகிறவர்களுமாகவே இருந்த ஊர். இந்த ஊரில் புதிதாக வந்த ஒரு சிறுமிக்கு இடம் இல்லாமல் போகுமா? கதையில் 'நாகைப்பட்டினம்' என்ற சொல்லை நானே வாசித்த அன்றுதான், இது என் ஊர் என்று முதல் முறையாக எனக்குத் தோன்றியது.

பிப்ரவரியில் அப்பா வந்தார். கையில் கட்டு. நான் தமிழில் எழுதிய முதல் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஏழு வரி, பதினோரு பிழை. எண்ணி வைத்திருந்தார்!

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி மேல் நாட்டில் ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறார்கள். ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1950-களில் நம் இந்தியாவுக்கு வந்து, இங்கே வசித்த அமெரிக்கக் குடும்பங்களைக் கவனித்தார். அவர்களுடைய குழந்தைகள் பெற்றோர் நாட்டையும் முழுக்கச் சேராமல், இருக்கிற நாட்டையும் முழுக்கச் சேராமல், இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென்று ஒரு மூன்றாவது வாழ்க்கை முறையை உண்டாக்கிக் கொள்வதைக் கண்டார். 'மூன்றாம் கலாசாரக் குழந்தைகள்' என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவில் 1986 முதல் ஏப்ரல் மாதத்தை ராணுவக் குழந்தைகளின் மாதமாகவே கொண்டாடுகிறார்கள். நாம் விழா எடுக்க வேண்டாம். கொஞ்சம் விஷயம் தெரிந்து நடந்துகொண்டால் போதும்.

நம் பக்கத்திலும் இது தூரத்து விஷயம் இல்லை. தஞ்சாவூரில் விமானப் படை நிலையம் 2013-ல் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானப் பிரிவும் வந்துவிட்டது. டெல்டாவின் நெல் வயல்களுக்கு நடுவே, பஞ்சாபிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். ஆகவே அனுபவப்பட்டவள் என்ற முறையில் சில வார்த்தைகள்:

முதலாவது, மாற்றலாகிப் போகும் தாய்மார்களுக்கு. சாமான்களில் எதைக் குறைத்தாலும், பழகின பொருள் ஒன்றைக் குறைக்காதீர்கள். அம்மிக் குழவியோ, சுவாமி படமோ, குழந்தையின் கிழிந்த போர்வையோ, புது வீட்டில் முதலில் வெளியே வருவது அதுவாக இருக்கட்டும். கட்டிலும் பீரோவும் மெதுவாக வரலாம்.

இரண்டாவது, பிரிவு சொல்லிக்கொள்ளக் குழந்தைக்கு அவகாசம் கொடுங்கள். 'புது இடத்தில் புது சிநேகிதி கிடைப்பாள்' என்று அவசரமாக ஆறுதல் சொல்லாதீர்கள். கிடைப்பாள்தான்; ஆனால் அன்றைக்கு அந்தக் குழந்தை இழப்பது பழைய சிநேகிதியை அல்லவா?

மூன்றாவது, தினம் கால் மணி நேரம் தாய்மொழி எழுத்து. இப்போது கைபேசியில் பாட்டியின் முகமே தெரிகிறதே, எழுத்து எதற்கு என்பீர்கள். முகம் தெரிந்தாலும், பாட்டியின் பெட்டியில் இருக்கிற புத்தகம் பேத்திக்கு எழுத்து தெரிந்தால்தான் திறக்கும்.

நான்காவது, ஊரோடு இருக்கிற நமக்கு. புதிதாக வந்த குழந்தையிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 'எங்கெல்லாம் இருந்தாய்? அங்கே என்ன சாப்பிட்டாய்? என்ன விளையாடினாய்?' என்று கேட்டுப் பாருங்கள். மடை திறந்தாற்போல் பேசும். 'பாவம்' என்ற வார்த்தையை மட்டும் அதன் காதில் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அன்று நான் அதைத்தான் செய்தேன். கூட்டம் கலைந்த பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்து, "நான் பதான்கோட்டில் படித்தவள், தெரியுமா?" என்றேன். அவள் கண் அகலமாயிற்று. "நிஜமாவா? நானும் அங்கே இருந்தேன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் திண்ணைக்கு வருகிறாள். முறமும் அரிசியும் தயார். 'ழ' மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

நேற்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். தமிழில் மூன்று வரி. மேலே இடத்தின் பெயரை எழுத வேண்டும் என்றேன். பென்சிலை நக்கிக்கொண்டு யோசித்தாள். "நாகப்பட்டினம்னு போடவா ஆன்ட்டி? 'ப்' வருமா?" என்று கேட்டாள்.

"வரும். அழுத்திப் போடு" என்றேன்.